‘24 வோல்ட் இருக்கு சார்’ என்று எழுதிக் கொடுக்கும் முன்: அட்ரஸபிள் ஃபயர் அலாரத்தில் வோல்டேஜ் அளப்பது எப்படி

ஃபயர் அலாரம் வேலையில் சேர்ந்த நாலாவது மாதம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பத்து மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறை ஆய்வுக்கு முன்னால் ஒத்திகை. கட்டடத்தின் இன்ஜினியர் மெயின் பவரை இறக்கச் சொல்லிவிட்டு, “இப்ப அலாரம் அடிங்க” என்றார். கீழ்மாடிகளில் ஹூட்டர் காதைப் பிளந்தது. ஒன்பதாவது மாடியில் சளி பிடித்தவர் இருமுவதுபோல் ஒரு சத்தம் வந்து அடங்கிவிட்டது.

மூன்று நாள் முன்புதான் அந்த சர்க்யூட்டை அளந்து, ‘24 வோல்ட், ஓகே’ என்று என் கையாலேயே ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். அது பொய்யுமில்லை. ஆனால் மெயின் பவர் இருந்தபோது, ஹூட்டர் அடிக்காதபோது, பேனலுக்குள்ளேயே மீட்டரை வைத்து அளந்த 24 அது. அன்றைக்கு ஏணியில் ஏறிக் கடைசி ஹூட்டரில் அளந்தால் 14.8. அதைச் சரிசெய்ய மூன்று ராத்திரி போயிற்று. நீங்கள் அந்த மூன்று ராத்திரி தூங்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எலக்ட்ரீஷியனாக இருந்து ஃபயர் அலாரத்துக்கு மாறுகிறவர்கள், டிப்ளமோ முடித்து நேராக சைட்டுக்கு வருகிறவர்கள், இரண்டு பேரையும் மனதில் வைத்திருக்கிறேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

1. முதலில் எந்த சர்க்யூட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேனலைத் திறந்ததும் ‘எல்லாம் 24 வோல்ட்’ என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். உள்ளே குறைந்தது நாலு வகை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மீட்டர் ஒவ்வொரு விதமாகப் பேசும்.

பவர் சப்ளையும் பேட்டரியும் ஒன்று. 230 வோல்ட் ஏசி உள்ளே வருகிறது, 24 வோல்ட் டிசியாக மாறுகிறது, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சீரிஸில் நிற்கின்றன.

அடுத்தது லூப். டிராயிங்கில் எஸ்எல்சி என்று போட்டிருப்பார்கள். டிடெக்டர், மேனுவல் கால் பாயின்ட் (தீயைப் பார்த்தவர் கையால் அலாரம் கொடுக்கும் பெட்டி), மாட்யூல் (மற்றக் கருவிகளை லூப்போடு இணைப்பது) எல்லாம் தொங்குவது இதில்தான். ஒரே ஜோடி கம்பியில் கரண்டும் போகிறது, பேச்சும் போகிறது. ஒவ்வொரு டிவைஸுக்கும் தனி அட்ரஸ் உண்டு, அட்ரஸபிள் என்பது அதனால்தான். பேனல் ஒவ்வொரு அட்ரஸையும் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறது, அது பதில் சொல்கிறது. அந்தப் பேச்சு வோல்டேஜின் மேல் துடிப்பாக ஏறியிருக்கும்.

மூன்றாவது ஹூட்டர் சர்க்யூட். டிராயிங்கில் என்ஏசி. அலாரம் வந்தால்தான் இதில் முழு வோல்டேஜ் வரும்.

நாலாவது, 24 வோல்ட் ஆக்ஸிலியரி. கன்ட்ரோல் மாட்யூல், பீம் டிடெக்டர் (ஒளிக்கற்றை மங்குவதை வைத்துப் புகையைக் கண்டுபிடிப்பது), கதவைப் பிடித்து வைக்கும் காந்தம் போன்றவற்றுக்குத் தனியாகப் போகும் பவர். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பேனலை ரீசெட் செய்யும்போது சில விநாடி நின்று மறுபடி வரும். இன்னொன்று நிற்காது. நாலு கம்பி பீம் டிடெக்டரை முதல் வகையில் கொடுக்க வேண்டும், அப்போதுதான் ரீசெட் ஆகும். கதவுக் காந்தத்தை அதில் கொடுத்தால் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் மாடி முழுக்கக் கதவுகள் படார் படார் என்று சாத்திக்கொள்ளும். செக்யூரிட்டி அண்ணன் ஓடி வருவார்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சைட்டுக்குப் போனதும் மீட்டரை எடுக்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். கிடைக்காது என்று சொன்னாலும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

லூப் டிராயிங் வேண்டும், அதுவும் ஆஸ்-பில்ட், அதாவது உண்மையில் இழுத்தபடியே வரைந்தது. டெண்டர் டிராயிங் எதற்கும் உதவாது. கேபிள் எந்த வழியாகப் போகிறது, ஐசொலேட்டர் (ஷார்ட் ஆன துண்டை மட்டும் வெட்டிவிடுவது) எங்கெங்கே, லூப் திரும்பி வருகிறதா அல்லது ஒரே பக்கம் போய் நிற்கிறதா, நடுவில் டீ போட்டுப் பிரித்திருக்கிறார்களா, இவை அதில்தான் தெரியும்.

பேனலின் இன்ஸ்டலேஷன் மேனுவல் வேண்டும். லூப்பில் அதிகபட்சம் எத்தனை ஓம் வரலாம், ஹூட்டர் சர்க்யூட் ஒன்றுக்கு எத்தனை ஆம்பியர், எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் (கம்பி அறுந்ததைப் பேனல் கண்டுபிடிப்பதற்காகக் கடைசியில் மாட்டுவது) எத்தனை கிலோஓம் என்ற மூன்று எண்களை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிவைஸ் டேட்டாஷீட்டில் வேலை செய்யும் வோல்டேஜ் வரம்பு இருக்கும், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அப்போலோவின் எக்ஸ்பி95 வரிசை டிடெக்டர்கள் 17 முதல் 28 வோல்ட் வரை. ஹோச்சிகியின் இஎஸ்பி வரிசை 17 முதல் 41 வரை. நோட்டிஃபயர் லூப் டிவைஸ்கள் 15 முதல் 32 வரை. ஆக, ஒரு லூப்பில் 36 வோல்ட் காட்டினால் ஒரு பேனலில் அது சாதாரணம், இன்னொன்றில் ஆபத்து. பக்கத்து சைட்டில் பார்த்த எண்ணை இந்த சைட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

பேட்டரி கணக்குத் தாளும், காஸ்-அண்ட்-எஃபெக்ட் அட்டவணையும் மீதி. பின்னதில்தான் எந்த அலாரத்துக்கு எந்த ஏஹெச்யூ (ஏசி காற்றை அனுப்பும் யூனிட்) நிற்கும், எந்த லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்கும் என்று இருக்கும். நீங்கள் அளக்கும்போது அவை எதுவும் நடந்துவிடக் கூடாது. நம் ஊரில் பெரும்பாலான சைட்கள் ஐஎஸ் 2189 என்ற இந்தியத் தர விதியைப் பின்பற்றுகின்றன. பன்னாட்டுக் கம்பெனி கட்டடமாக இருந்தால் என்எஃப்பிஏ 72 என்ற அமெரிக்க விதியைக் கேட்பார்கள். எதன்படி என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், கடைசி நாளில் தெரிந்தால் பேட்டரி கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

3. சாமான்களும் செலவும்

ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் மீட்டர் கிடைக்கும். கற்றுக்கொள்ள அது போதும், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட அது போதாது. மூன்று வசதிகளுக்காகக் கூடுதல் பணம் கொடுங்கள்: ரேஞ்சை நாமே பூட்டிவைப்பது, குறைந்தபட்சம்–அதிகபட்சம் பதிவுசெய்வது, தரமான புரோப் ஒயர். நான் முதலில் வாங்கிய மீட்டரின் புரோப் உள்ளே அறுந்துபோய், அரை நாள் ‘லூப் ஓப்பன்’ என்று அலைந்திருக்கிறேன். எங்கே போனாலும் முதலில் இரண்டு புரோப்பையும் முட்டவைத்து ஓம் பாருங்கள். அரை ஓமுக்குள் இருக்க வேண்டும்.

இன்னும் சில: முனை மெலிந்த ஸ்க்ரூடிரைவர், முதலைக் கிளிப் இரண்டு, மாஸ்கிங் டேப், மார்க்கர், தலையில் மாட்டும் டார்ச். டிராயிங்கில் சொன்ன மதிப்பில் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் ஒரு பத்து பன்னிரண்டு. சில்லறைக் காசுதான், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குத் தேவைப்படும்போது எந்தக் கடையும் திறந்திருக்காது.

மெக்கர் (அதிக வோல்டேஜ் விட்டு கேபிள் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டுபோகலாம், ஆனால் பையை விட்டு வெளியே எடுக்க ஒரே ஒரு சூழ்நிலைதான் உண்டு. கேபிளின் இரண்டு முனையும் பேனலில் இருந்து கழற்றி, ஒரு டிவைஸ்கூட மாட்டாத நிலை. 500 வோல்ட்டை டிடெக்டர் மாட்டிய லூப்பில் விட்டால் அத்தனையும் போய்விடும்.

4. தொடும் முன் சொல்லுங்கள், பிரித்து வையுங்கள்

கன்ட்ரோல் ரூம், செக்யூரிட்டி, கட்டட மேனேஜர் மூவருக்கும் எழுத்தில் தகவல். எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், அதுவரை எந்தப் பகுதியில் அலாரம் வேலை செய்யாது, அந்த நேரம் யார் நடந்து பார்த்துக்கொள்வார் என்று மூன்று வரி போதும்.

சர்வர் ரூமில் கேஸ் சப்ரஷன் (கேஸ் விட்டுத் தீயை அணைக்கும் அமைப்பு) இருந்தால் அதன் சிலிண்டரைத் திறக்கும் சோலனாய்டை முதலில் கழற்றி வையுங்கள், மெக்கானிக்கலாகவே. பேனல் மெனுவில் டிசேபிள் செய்தேன் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு தவறான ரிலீஸுக்கு சிலிண்டர் திரும்ப நிரப்பும் செலவு உங்கள் பல மாதச் சம்பளம். பிறகு ஏஹெச்யூ, லிஃப்ட், அக்சஸ் கன்ட்ரோல் ரிலேக்கள்.

எந்தக் கேபிளையும் பேனலில் சேர்க்கும் முன் மீட்டரை ஏசியில் வைத்து இரண்டு கம்பிக்கும் நடுவிலும், ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் பாருங்கள். மாடியில் யாரோ கேபிள் நிறம் குழம்பி லைட் லைனில் சேர்த்திருந்தால் 230 வோல்ட் நேராக லூப் கார்டில் வந்து இறங்கும். சில சமயம் 30, 40 வோல்ட் ஏசி காட்டும். பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் ஓடியதால் தொற்றிக்கொண்ட பேய் வோல்டேஜ் அது. ஒரு சின்ன லோடு வைத்தால் காணாமல் போய்விடும். உண்மையான 230 போகாது.

5. பவர் சப்ளை, பேட்டரி

230 வோல்ட் டெர்மினலை அளக்கும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி இணைந்திருக்கும்போது சார்ஜர் வோல்டேஜ் மொத்தம் 27.3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள், ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். இரண்டும் 13.6, 13.7 என்று அக்கம்பக்கமாக இருந்தால் நல்லது. ஒன்று 14.6, இன்னொன்று 12.7 என்று இருந்தாலும் கூட்டல் 27.3 வரும், பேனல் ஃபால்ட் காட்டாது. ஆனால் அதில் ஒன்று சாகக் கிடக்கிறது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் சீரிஸில் போட்டால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத எலக்ட்ரிக்கல் ரூமில், பேட்டரி அட்டையில் எழுதிய ஆயுள் வராது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. வாங்கிய தேதியை மார்க்கரில் பேட்டரி மேலேயே எழுதுங்கள்.

அளவு சரியா என்று ஒரு கணக்கு. பேனல் சும்மா இருக்கும்போது 0.35 ஆம்பியர் எடுக்கிறது, 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் 8.4 ஆம்பியர்-மணி. அலாரத்தில் 2 ஆம்பியர், அரை மணி நேரம் என்றால் 1. மொத்தம் 9.4. அதற்கு மேல் 25 சதவீதம் கூட்டி வைத்தால் 11.75. கடையில் 12 கிடைக்கும், ஆனால் இவ்வளவு இறுக்கமாக வாங்காமல் 18 போடுவேன். நான் திறந்து பார்த்த பல பேனல்களில் இருப்பது 7. ‘பெட்டிக்குள்ள இதுதான் சார் நுழைஞ்சது’ என்பார்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அந்த மலிவுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

இப்போது மெயின் பவரை இறக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு அளவு, அலாரம் போட்டு ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு அளவு. அலாரத்தில் பேட்டரி வோல்டேஜ் மளமளவென்று 22-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி சந்தேகத்துக்குரியது. இந்தப் பத்து நிமிடத்தை நான் அந்தப் பத்து மாடிக் கட்டடத்தில் செலவழிக்கவில்லை.

6. லூப்பை அளப்பது

மீட்டரை டிசியில் வைத்து லூப் வெளியே போகும் டெர்மினலில் பிடியுங்கள். எண் நிற்காது. 22.6, 23.1, 21.9 என்று ஆடிக்கொண்டே இருக்கும். பயப்படாதீர்கள், அதுதான் பேச்சு. மீட்டர் அந்தத் துடிப்புகளை எல்லாம் சேர்த்து சராசரி போட முயல்கிறது. ஆட்டோ ரேஞ்சில் விட்டால் இன்னும் குழம்பும், ஆகவே ரேஞ்சைப் பூட்டுங்கள், குறைந்தபட்சம்–அதிகபட்சம் இரண்டையும் எழுதுங்கள். எண் ஆணி அடித்ததுபோல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். கம்பியில் பவர் இருக்கிறது, பேனல் யாரையும் கூப்பிடவில்லை என்று அர்த்தம். லூப் கார்டு பிரச்சினையாகவோ, இன்னும் புரோகிராம் ஏற்றாததாகவோ இருக்கலாம்.

அடுத்தது முக்கியமானது. லூப் திரும்பி வரும் வகை என்றால், திரும்பும் முனையின் இரண்டு கம்பியையும் பேனலில் இருந்து கழற்றுங்கள். பேனல் ‘லூப் ஓப்பன்’ என்று கத்தும், கத்தட்டும். இப்போது கழற்றிய அந்த முனையில் அளங்கள். ஒரே பக்கத்தில் இருந்து போய், எல்லா டிவைஸையும் தாண்டி வந்து சேர்ந்த வோல்டேஜ் இது. லூப் எங்காவது அறுந்தால் கடைசி டிடெக்டருக்குக் கிடைக்கப்போவதும் ஏறக்குறைய இதுதான். கழற்றாமல் அளந்தால் இரண்டு பக்கமும் பேனலே ஊட்டுவதால் எப்போதும் அழகான எண்ணே காட்டும். புதியவர்கள் ஏமாறும் இடம் இது.

எவ்வளவு குறையலாம்? 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக வர இரண்டு கம்பி, 24.2 ஓம். 1.2 கிலோமீட்டர் லூப் என்றால் 29 ஓம். பல பேனல்கள் 40, 50 ஓம் வரை அனுமதிப்பதால் இது சரிதான். டிடெக்டர்கள் மட்டும் இருந்தால் கவலையே இல்லை. எக்ஸ்பி95 வகை ஆப்டிகல் டிடெக்டர் ஒன்று சும்மா இருக்கும்போது எடுப்பது ஒரு மில்லிஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். நூறு டிடெக்டர் மாட்டினாலும் 34 மில்லிஆம்பியர், ஒரு வோல்ட் குறைந்தாலே அதிகம்.

கதை மாறுவது லூப்பிலேயே ஹூட்டரை மாட்டும்போது. தனிக் கேபிள் மிச்சம் என்று கான்ட்ராக்டர்களுக்கு இது பிடிக்கும். அலாரத்தில் மொத்தம் 200 மில்லிஆம்பியர் ஆகி, ஹூட்டர்கள் எல்லாம் கடைசி மாடியில் கும்பலாக இருந்தால் 29 ஓமில் 5.8 வோல்ட் காணாமல் போகும். 24-இல் தொடங்கினால் மிச்சம் 18.2. அப்போலோ போல 17 வோல்ட் அடிவரம்பு உள்ள டிவைஸ் என்றால் நூலிழையில் தப்பிக்கிறது. அதனால், திரும்பும் முனையைக் கழற்றிய நிலையிலேயே எல்லா லூப் ஹூட்டரையும் அடிக்கவிட்டு இன்னொரு அளவு எடுங்கள். ஆபீஸ் நேரத்தில் முடியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

ஷார்ட் ஆன லூப்பில் ஒரு பொறி இருக்கிறது. ஷார்ட் வந்தால் அதன் இரு புறமும் உள்ள ஐசொலேட்டர்கள் திறந்துகொண்டு, நடுத்துண்டை மட்டும் வெட்டிவிடும். ஐசொலேட்டரின் ஒரு பக்கம் 24, மறுபக்கம் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். ‘ஐசொலேட்டர் போச்சு’ என்று அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். உடனே லூப் முழுவதும் படுத்துவிடும். ஐசொலேட்டர் தன் வேலையைத்தான் செய்தது. குற்றவாளி அந்த நடுத்துண்டில் எங்கோ இருக்கிறான். மழைக்காலத்தில் பேஸ்மென்ட் ஜங்ஷன் பாக்ஸை முதலில் திறந்து பாருங்கள். கார்த்திகையில் நான் திறந்த ஒரு பாக்ஸில் கனெக்டருக்கு மேல் விரல் உயரம் தண்ணீர் நின்றது, மேலே ஒரு செத்த பல்லி மிதந்தது.

லூப் ஓமை அளக்க நினைத்தால் பவரை நிறுத்தி, இரு முனையும் கழற்றி, ப்ளஸ் கம்பியின் இரு முனைக்கு நடுவிலும், மைனஸின் இரு முனைக்கு நடுவிலும் பாருங்கள். ஒன்று 14, இன்னொன்று 21 என்றால் எங்கோ ஒரு டெர்மினல் லூஸ். ஆனால் பவர் இல்லாதபோது சில ஐசொலேட்டர்கள் திறந்தே நிற்கும், அந்தக் கம்பி ஓப்பன் என்று காட்டும். டேட்டாஷீட் பார்க்காமல் கேபிள் அறுந்துவிட்டது என்று முடிவுசெய்யாதீர்கள்.

7. ஹூட்டர் சர்க்யூட்: நான் மாட்டிக்கொண்ட இடம்

சும்மா இருக்கும்போது இதில் மீட்டரை வைத்தால் மைனஸ் காட்டும். முதல் தடவை பார்த்தபோது கூட இருந்த சீனியர், “தம்பி, பொலாரிட்டி மாத்திக் குடுத்துட்டானுங்க, திருப்பிப் போடு” என்றார். நானும் நாலு ஹூட்டரில் திருப்பிப் போட்டேன். பேனலில் ஃபால்ட் வந்தது, அலாரம் போட்டால் நாலும் ஊமை.

விஷயம் இதுதான். கம்பி அறுந்திருக்கிறதா என்று பேனல் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் ஹூட்டர் அடிக்கக் கூடாது. அதனால் சும்மா இருக்கும்போது ப்ளஸ் மைனஸைத் திருப்பிப் போட்டு, சிறிய கரண்டை அனுப்புகிறது. ஹூட்டருக்குள் இருக்கும் டயோடு அதைத் தடுத்துவிடும். கரண்ட் கடைசியில் உள்ள ரெசிஸ்டர் வழியாக மட்டும் சுற்றி வரும். அலாரம் வந்தவுடன் பேனல் பொலாரிட்டியை நேராக்கி 24-ஐ அனுப்பும், டயோடு திறக்கும், ஹூட்டர் அடிக்கும். அந்த மைனஸ், சர்க்யூட் ஆரோக்கியமாக இருப்பதற்கு அடையாளம். ஹூட்டரில் எழுதியிருக்கும் ப்ளஸ் அலாரம் நேரத்து ப்ளஸ் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஒன்பதாவது மாடி. டிராயிங்கில் 2.5 சதுர மி.மீ. கேபிள். இழுத்திருந்தது 1.5. பேனலில் இருந்து கடைசி ஹூட்டருக்கு 170 மீட்டர். ஹூட்டர்களும் ஃபிளாஷரும் சேர்த்து 1.5 ஆம்பியர். கணக்கு போடுங்கள்: 24.2 ஓம் கிலோமீட்டருக்கு, 170 மீட்டருக்கு 4.1 ஓம், 1.5 ஆம்பியரில் 6.2 வோல்ட் போச்சு. மெயின் பவரில் பேனல் 24 கொடுத்தால் கடைசியில் 17.8, ஹூட்டர் அடிக்கிறது, எல்லோரும் கை குலுக்கிக்கொள்கிறார்கள். பேட்டரியில் பேனல் வோல்டேஜ் 21-க்கு வந்ததும் கடைசியில் 14.8. அந்த ஹூட்டரின் அடிவரம்பு 16. 2.5 கம்பி போட்டிருந்தால் கிலோமீட்டருக்கு 14.8 ஓம்தான், 3.8 வோல்ட் மட்டும் குறைந்து 17.2 கிடைத்திருக்கும்.

யுஎல் (அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பு) வழியில் கணக்குப் போடுகிறவர்கள் பேட்டரி தீரும் நேரத்து 20.4 வோல்ட்டில் தொடங்கி, கடைசி ஹூட்டரில் 16-க்குக் கீழே போகாமல் பார்ப்பார்கள். அதாவது உங்கள் கையில் இருப்பது 4.4 வோல்ட் மட்டும். ஒரு ஆம்பியர் லோடு முழுவதும் கடைசியில் இருந்தால், 1.5 கேபிளில் ஏறக்குறைய 180 மீட்டர், 2.5 கேபிளில் 295 மீட்டர் வரை போகலாம். இந்த இரண்டு எண்ணும் எனக்கு இப்போது மனப்பாடம். ஹூட்டர்கள் வழிநெடுகப் பரவி இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் கடைசியில் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம்.

எனவே ஹூட்டர் சர்க்யூட்டுக்கு நான் இப்போது ஏற்றுக்கொள்வது ஒரே ஒரு அளவைத்தான்: மெயின் பவர் ஆஃப், அலாரம் ஆன், கடைசி ஹூட்டரின் டெர்மினலில். முதலைக் கிளிப்பை முன்கூட்டியே மாட்டிவிட்டு இறங்கி வாருங்கள். ஏணியில் நிற்கும்போது காதருகே ஹூட்டர் அடித்தால் கை நடுங்கும்.

சரி, 16-க்குக் கீழே வந்துவிட்டது, என்ன செய்வது? மூன்று வழி. கேபிளை மாற்றலாம், ஃபால்ஸ் சீலிங் மூடிய பிறகு இதுதான் அதிகச் செலவு. மேல்மாடியில் தனி பவர் சப்ளை பூஸ்டர் வைக்கலாம், ஆனால் அதற்கும் பேட்டரி, மெயின் பாயின்ட், ஃபால்ட் கண்காணிப்பு எல்லாம் வேண்டும். பேனலில் காலி ஹூட்டர் சர்க்யூட் இருந்தால் இன்னொரு கேபிள் இழுத்து லோடைப் பாதியாகப் பிரிக்கலாம். நாங்கள் கடைசி வழியில் போனோம். கழற்றி மாட்டிய சீலிங் டைல்களில் கைரேகை பட்டதற்கு உள் அலங்கார வேலைக்காரர்களிடம் வாங்கிய திட்டு தனி.

8. மாட்யூலும் கடைசி ரெசிஸ்டரும்

ஸ்பிரிங்க்ளர் ஃப்ளோ ஸ்விட்ச் போன்றவற்றைப் பார்க்கும் மானிட்டர் மாட்யூலின் ஸ்விட்ச் பக்கத்தில் 24 தேடாதீர்கள். பல மாட்யூல்கள் அங்கே அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். ஸ்விட்ச் மூடினால் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். கம்பி அறுந்தாலோ ரெசிஸ்டர் இல்லாவிட்டாலோ வழக்கத்தைவிட மேலே ஏறும். ஒரு நல்ல மாட்யூலில் மூன்று நிலையிலும் அளந்து குறித்துவைத்தால், அந்த சைட் முழுக்க ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ரெசிஸ்டரில் ஒரு சனியன் உண்டு. நோட்டிஃபயர் வகையறாவில் மானிட்டர் மாட்யூலுக்கு 47 கிலோஓம், பேனலின் ஹூட்டர் சர்க்யூட்டுக்கு 4.7 கிலோஓம். முதலாவது மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. இரண்டாவது மஞ்சள், ஊதா, சிவப்பு. சீலிங்குக்கு மேலே டார்ச் வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுதான். மாட்டும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிடுங்கள். ரெசிஸ்டர் கடைசி டிவைஸில்தான் இருக்க வேண்டும். பேனலுக்குள்ளேயே மாட்டி ஃபால்ட்டை அணைத்துவைத்த சைட்களும் உண்டு. அங்கே கேபிள் அறுந்தாலும் பேனல் நிம்மதியாகப் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும்.

9. எர்த் ஃபால்ட்

லூப் ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும், மைனஸுக்கும் எர்த்துக்கும் அளங்கள். எது பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதோ அந்தக் கம்பி எங்கோ இரும்பைத் தொடுகிறது. பெரும்பாலும் ஆர்மர்டு கேபிளின் கிளாண்டில் தோல் சீவியது, அல்லது டிடெக்டர் பேஸில் மாட்டும்போது ஸ்க்ரூ கம்பியைக் கடித்தது. லூப்பைப் பாதியில் கழற்றிப் பாருங்கள், எந்தப் பாதியோ அதை மறுபடி பாதி. நூறு டிவைஸ் லூப்பில் ஏழு தடவையில் இடம் தெரிந்துவிடும். ஷீல்டை பேனல் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

10. எழுதுவதும் நேரமும்

ரிப்போர்ட்டில் வெறும் எண் எழுதாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நாலு விவரம்: எந்த டெர்மினலில், மெயினா பேட்டரியா, சும்மாவா அலாரமா, தேதியும் மணியும். ‘ஹூட்டர் சர்க்யூட் 3, 9-ஆம் மாடி கடைசி ஹூட்டர், பேட்டரி, அலாரம் 5-ஆவது நிமிடம், 17.6 வோல்ட், இரவு 10.20’. இப்படி எழுதினால் ஒரு வருடம் கழித்து ஏஎம்சிக்கு (வருடாந்திரப் பராமரிப்புக்கு) வருகிறவர் அதே இடத்தில் அளந்து ஒப்பிட முடியும். 17.6 போய் 16.3 வந்திருந்தால் பேட்டரியா, துருப்பிடித்த டெர்மினலா என்று தேடத் தொடங்குவார்.

இரண்டு லூப், ஆறு ஹூட்டர் சர்க்யூட் உள்ள ஒரு கட்டடத்துக்கு, காகிதம் எல்லாம் கையில் இருந்தால், இரண்டு பேருக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். காகிதம் இல்லாவிட்டால் மூன்று நாள் கேளுங்கள். ‘ஒரு மணி நேர வேலைதானே’ என்று பேரம் பேசுவார்கள். ஆய்வுக்கு முந்தின நாள் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 14.8 வந்தால் கேபிள் இழுக்க ராத்திரி மிச்சம் இருக்காது. குறைந்தது பத்து நாள் முன்னால் தேதி வாங்குங்கள்.

கிளம்பும் முன் கழற்றிய லூப் முனையைத் திரும்ப மாட்டினீர்களா, டிசேபிள் செய்ததை எல்லாம் எடுத்தீர்களா, பேனலில் ஒரு ஃபால்ட்டும் இல்லையா என்று பார்த்து, பேனல் முகப்பை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியான பிறகு கடைசியாக கேஸ் சோலனாய்டு. மாட்டும் முன் அதற்கு வரும் இரண்டு கம்பியிலும் ஒரு தடவை மீட்டரை வைத்துப் பாருங்கள். ரிலீஸ் வோல்டேஜ் அங்கே காத்துக்கொண்டிருந்தால், மாட்டிய நொடியே சிலிண்டர் திறந்துவிடும்.